பிஸ்கட் பேணிக்குள் ஒரு பிரசவம்

"வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதை" என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள். வீணாக வம்பை விலைக்கு வாங்குபவர்களுக்குச் சொல்லும் பழமொழி அது. என் வீட்டில் அது பழமொழியாக இல்லாமல் உண்மையாகவே நடந்தது. ஒரே ஒரு வித்தியாசம், ஓணான் மடியில் இல்லை, அலுமாரிக்கு மேலே பிஸ்கட் பேணிக்குள் இருந்தது.

2017ஆம் ஆண்டு சித்திரை மாதம். நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டம் என்றால் சகோதரிகளுக்குத் தெரியும். பாதை முழுக்க வாகனம், விடுதிகளில் இடமில்லை. பாடசாலை விடுமுறை. நான் தோட்டத்து முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். கணவர் அப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலை. வீட்டில் நானும், சாதாரண தரம் படிக்கும் மகளும், பன்னிரண்டு வயது மகனும், பிரசவத்துக்கு வந்து இன்னும் ஊர் திரும்பாத நாத்தனாரும், அவளுடைய எட்டு மாதக் குழந்தையும்.

அலுமாரிக்கு மேலிருந்த பழைய பேணியை நூல், ஊசி போட்டுவைக்கலாம் என்று எடுத்தேன். மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள். திறந்தால் பாசியும் இரண்டு மூன்று சுள்ளிகளும். பாசிதானே என்று கையை வைக்கப்போனேன். பாசிக்குக் கண் இருந்தது! அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் போட்ட சத்தத்தில் மகன் ஓடி வந்தான்.

"அம்மா, ஏசாதீங்க. அது கடிக்காது."

"என்னடா இது? எங்க புடிச்ச?"

"ஓணான் தாம்மா. காட்டு ஓரத்து மரத்துல இருந்துச்சு. வேன் அங்கிள் கேட்டாரு. வெள்ளைக்காரர் ஒருத்தருக்கு வேணுமாம். இந்த மாதிரி ஒண்ணுக்கு ஆயிரம் ரூவா, கொம்பு ஓணானுக்கு ஐநூறு ரூவா."

அந்த ஆயிரம் ரூபாவைச் சற்று எண்ணிப் பாருங்கள். 2016இல் செய்த கூட்டு ஒப்பந்தத்தின்படி ஒரு தோட்டத் தொழிலாளிக்கு எல்லாக் கொடுப்பனவும் சேர்ந்து நாளொன்றுக்கு 730 ரூபாதான். மழையில் நனைந்து, அட்டை கடிக்க, மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து எடுக்கும் தாய்க்குக் கிடைப்பதைவிட அதிகமான காசை ஓர் ஓணானுக்குத் தருகிறேன் என்றால் எந்தப் பிள்ளைதான் போகமாட்டான்? எங்கள் லயத்தில் மட்டும் ஆறு பிள்ளைகள் தேடப் போயிருக்கிறார்கள். இவனுக்கு மட்டும்தான் அகப்பட்டது.

உண்மையைச் சொல்கிறேன், அன்று நான் அவனைப் பெரிதாக ஏசவில்லை. மகளின் கணித வகுப்புக் காசு இரண்டு மாதம் பாக்கி இருந்தது. ஒரு தாய் இப்படி எழுதுவது வெட்கம்தான். ஆனாலும் இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் அது கதையாகிவிடும்.

பாட்டி சொன்ன சேதி

சனிக்கிழமை வந்து வாங்குவதாகச் சொன்ன வேன் வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. அந்த வெளிநாட்டுக்காரர் விடுதியைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டாராம். வேறு யாரிடமோ வேண்டியதை வாங்கிக்கொண்டிருக்கலாம். ஓணான் எங்கள் தலையில் விழுந்தது.

மகன் சோற்றுப் பருக்கை வைத்தான், பிஸ்கட் தூள் வைத்தான், செத்த ஈ வைத்தான். அது ஒன்றையும் தொடவில்லை. சிறிய மூடியில் வைத்த தண்ணீரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. வேலி ஓணானைப்போலப் பாய்ந்து ஓடவும் இல்லை. சுள்ளியில் வாலைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, மணிக்கணக்கில் ஒரே இடத்தில் இருக்கும். ஒரு காலைத் தூக்கினால் அடுத்த காலைத் தூக்குவதற்குள் தேநீரே ஆறிவிடும். பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. "நம்மளே வளப்போம்மா" என்று மகன் கேட்டான். நானும் சரி என்றேன். நாயும் பூனையும் வளர்க்கவில்லையா, இது ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டுமே என்பது என் எண்ணம்.

அடுத்த காம்பராப் பாட்டி அந்தக் காலத்தில் தோட்டத்தில் பிள்ளைப்பேறு பார்த்தவர். பேணிக்குள் எட்டிப் பார்த்தவர் மெதுவாக என் கையைப் பிடித்தார்.

"ஏ புள்ள, இது வயித்துப் புள்ளத்தாச்சி. வயித்தப் பாரு. புள்ளத்தாச்சியவா புடிச்சிட்டு வந்திருக்கான்?"

ஓணான் முட்டையிடுமே தவிர குட்டி போடுமா என்று நான் சிரித்தேன். அதற்கு அடுத்த நாள் அதிகாலை மகன் என்னை உலுக்கி எழுப்பினான். பேணிக்குள் நான்கு குட்டிகள். ஒவ்வொன்றும் ஊசியில் கோத்த நூல் துண்டு அளவு. மெல்லிய சவ்விலிருந்து வெளியே வந்ததும் வராததுமாகத் தாயைப்போலவே வாலைச் சுருட்டிச் சுள்ளியைப் பிடித்துக்கொண்டிருந்தன.

இனி நான் செய்த தவறைச் சொல்லவேண்டும். சித்திரை என்றாலும் இரவில் எங்களுக்குப் போர்வை வேண்டும். பச்சைக் குட்டிகள் விறைத்துவிடுமே என்ற எண்ணம் வந்தது. பிள்ளை பெற்ற வீட்டில் தாயையும் சேயையும் சூடாக வைத்துப் பழகியவர்கள் நாம். பேணியைக் கொண்டுபோய் அடுப்பங்கரையில், விறகடுப்புச் சூடு படுகிற இடத்தில் வைத்தேன். பின்னேரம் பார்க்கும்போது இரண்டு குட்டிகள் செத்துக் கிடந்தன. தாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மகன் அழுதான். "நீங்கதாம்மா கொன்னுட்டீங்க" என்றான். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விஞ்ஞான ஆசிரியர் வந்தார்

பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் பக்கத்து டிவிசனில்தான் இருந்தார். மகனே ஓடிப்போய்க் கூட்டி வந்தான். அவர் முதலில் செய்த வேலை, பேணியை எடுத்துக் குளிர்ந்த வாசல் திண்ணையில் நிழலில் வைத்ததுதான். பிறகு கையால் தண்ணீரை இலைமேல் தெளித்தார். தாய் ஓணான் இலையில் நின்ற துளியை நக்கியது. மூடியில் வைத்த தண்ணீரை அது தண்ணீர் என்றே அறிந்திருக்கவில்லை! பனியிலும் மழைத் துளியிலும் குடித்துப் பழகிய உயிர் அது.

அவர் சொன்னதையும், பின்னர் நானே தேடி வாசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். இதன் விஞ்ஞானப் பெயர் கோபோடிஸ் சிலானிக்கா. ஜேர்மனியரான பீட்டர்ஸ் என்பவர் 1861இல் உலகுக்கு அறிமுகம் செய்தார். இலங்கையின் மத்திய மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. ஹக்கலை, ஹோட்டன் சமவெளி போன்ற குளிரான, பனிமூடும் காடுகளில், பாசி படிந்த மரங்களில் வாழ்கிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிருக்கென்றே அமைந்த உடம்பு அதற்கு. நமக்குக் குளிர் என்றால் அதற்குச் சுகம், நமக்குச் சுகமான அடுப்படி அதற்கு மரணம். நம் நாட்டு ஓணான் குடும்பத்தில் மற்றவையெல்லாம் மண்ணில் முட்டையிட, இந்த இனமும் இதன் நெருங்கிய உறவான தும்பறை மலைகளின் இனமும்தான் குட்டி ஈனுகின்றன. தும்பறையில் வாழ்வது தனி இனம் என்று ஆராய்ச்சியாளர்கள் பெயரிட்டு எழுதியதே 2006இல்தான். அழியும் அபாயம் மிக அதிகமுள்ளவற்றில் அதுவும் ஒன்று.

பிள்ளைகள் சொன்ன 'கொம்பு ஓணான்' வேறு. சிங்களத்தில் அங் கட்டுஸ்ஸா என்பார்கள். மூக்கு நுனியில் கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் பக்கத்து ஆண் ஓணானுக்கு அது வெள்ளையாக, நீளமாக இருக்கும். இந்தக் கொம்பு ஓணான் இனங்கள் அனைத்துமே இலங்கைக்கு மட்டும் உரியவை. இப்படி ஒரு செல்வம் வேலிக்கு அப்பால் இருப்பது தெரியாமல்தான் சிறு வயதில் நாங்களும் ஓணானைக் கண்டால் கல்லெறிந்தோம்.

ஆயிரம் ரூபா எங்கே போகிறது?

ஒரு வெளிநாட்டுக்காரருக்கு இது எதற்கு? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பல்லி, ஓணான், பாம்பு வளர்ப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. கண்ணாடிப் பெட்டி, விசேட மின்விளக்கு, நீர் தெளிக்கும் கருவி என்று பெரும் செலவு செய்கிறார்கள். ஜேர்மனியின் ஹாம் நகரில் வருடத்தில் சில தடவை ஊர்வனவற்றுக்கென்றே பெரும் சந்தை கூடுகிறது. அங்கே மற்றவரிடம் இல்லாத இனம் ஒன்று தன்னிடம் இருப்பது பெருமை. அரிதாக இருக்க இருக்க விலை ஏறும். எங்கள் மலை ஓணான்கள் அந்தச் சந்தையில் பல நூறு யூரோவுக்கு விலை பேசப்பட்டன. 2017இல் ஒரு யூரோ 160 ரூபாவுக்கு மேல். மகனுக்குச் சொன்ன ஆயிரம் ரூபாவோ ஏழு யூரோவைக்கூடத் தொடாது. சட்டத்தில் அகப்பட்டால் அகப்படுவது யார்? விமானத்தில் ஏறியவரா, மரத்தில் ஏறிய பிள்ளையா?

இலங்கையிலிருந்து எவரும் இவற்றைச் சட்டப்படி வணிகத்துக்குக் கொண்டுபோகவில்லை. வன விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, 2009இல் மேலும் இறுக்கப்பட்டது. அனுமதியில்லாமல் பிடிப்பதும், வைத்திருப்பதும், ஏற்றுமதி செய்வதும் குற்றம். பயணப் பெட்டிக்குள், துணிப்பைக்குள், காலுறைக்குள் வைத்துக் கடத்துகிறார்கள். ஆனால் ஐரோப்பாவுக்குள் நுழைந்துவிட்டால் நிலைமை வேறு. சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இல்லாத விலங்கு என்றால், அது பிறந்த நாட்டில் திருடப்பட்டதாக இருந்தாலும், அங்கே விற்பதைத் தடுக்கச் சட்டம் இல்லை. அமெரிக்காவில் 1900ஆம் ஆண்டுச் சட்டமொன்று இதைத் தடுக்க உதவுகிறது. ஐரோப்பாவில் அப்படி ஒன்று இருக்கவில்லை.

விற்பவர்கள் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. "இது காட்டில் பிடித்தது அல்ல, எங்கள் வீட்டில் பிறந்தது" என்பார்கள். அதைக் கேட்டதும் என் பிஸ்கட் பேணிதான் கண்ணுக்குள் வந்தது. வயிற்றில் குட்டியுள்ள தாயைக் காட்டில் பிடித்துக்கொண்டு போனால், நாலு நாளில் பெட்டிக்குள் குட்டி பிறக்கும். பெட்டியில் பிறந்ததால் அது 'வீட்டுப் பிறப்பு' ஆகிவிடுமா? எங்கள் பேணியில் பிறந்தவையும் அப்படியென்றால் வளர்ப்புக் குட்டிகள்தான்! முறையாகத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பெருக்குகிறவர்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த முதல் சோடி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் வராது.

வேன்காரர் பிள்ளைகளிடம் இன்னொன்றும் கேட்டிருந்தார். சாதாரணத் தோட்டத்து ஓணான் பத்துப் பதினைந்து இருந்தாலும் பரவாயில்லையாம், மலிவாக எடுப்பாராம். அது எதற்கென்று ஆசிரியர் சொன்னபோது நாத்தனார் முகத்தைச் சுளித்தாள். பாம்புக்குச் சாப்பாடு! எலி தின்னாத பாம்புகள் இருக்கின்றன. நம் ஊர்ப் பச்சைப்பாம்பே ஓணானையும் தவளையையும்தான் அதிகம் தேடும். அப்படிப்பட்ட பாம்புகளைப் பெட்டியில் வளர்ப்பவர்கள் ஓணானைப் பிடித்துப் போடுகிறார்கள். காட்டு ஓணானின் உடம்பில் உண்ணியும் குடற்புழுவும் இருக்கும். அது அப்படியே பாம்புக்குத் தொற்றும். ஆசையாக வளர்ப்பதாகச் சொல்லிக்கொண்டே ஓர் உயிரைக் கொன்று மற்ற உயிரையும் நோயாக்குவது என்ன ஆசையோ, எனக்கு விளங்கவில்லை.

குழந்தைக்கு வயிற்றோட்டம்

அந்த வாரத்திலேயே நாத்தனாரின் குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்தது. இரண்டு நாள் ஜீவனி கரைத்துக் கொடுத்து, தாய்ப்பாலையும் விடாமல் கொடுத்ததில் குணமாகிவிட்டது. ஓணானால் வந்ததா வேறு எதனாலுமா என்று எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் மருத்துவ மாது வந்து விசாரித்தபோது நான் பேணியைப் பற்றிச் சொன்னேன். அவர் திடுக்கிட்டுப்போனார்.

சகோதரிகள் இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். பல்லி, ஓணான், ஆமை, பாம்பு எல்லாவற்றின் குடலிலும் சல்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். அவற்றுக்கு ஒரு நோயும் தெரியாது, சுகமாகவே இருக்கும். அதைத் தொட்ட கையால், அது இருந்த பாத்திரத்தால் நமக்குத் தொற்றும். காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றோட்டம் வரும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இதனால் கடுமையாகப் பாதிக்கப்படலாம். அமெரிக்காவில் பிள்ளைகள் சிறு ஆமைக்குட்டிகளை வைத்து விளையாடி நோயுற்றதால், 1975இல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்கத் தடை போட்டார்கள். நானோ அந்தப் பேணியைக் குழந்தையின் பால் போத்தல் கழுவும் அதே இடத்தில் கழுவியிருந்தேன். மகன் அதைத் தொட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கியிருந்தான். கூண்டுக் கிளியோ மீன் தொட்டியோ எதுவானாலும் கழுவும் இடத்தைச் சமையலறையிலிருந்து பிரித்து வையுங்கள். தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

திரும்பக் கொண்டுபோனோம்

ஆசிரியர் தனக்குத் தெரிந்த வனசீவராசிகள் திணைக்கள அலுவலர் ஒருவரிடம் தொலைபேசியில் பேசினார். மகனைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று எனக்கு நடுக்கம். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "எந்த மரத்தில் பிடித்தது என்று பிள்ளைக்கு நினைவிருக்கிறதா?" நினைவிருக்கிறது என்றதும், பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு இங்கே வரவேண்டாம், வெயில் ஏறுமுன் அதே மரத்தில் கொண்டுபோய் விடுங்கள் என்றார். வேன்காரர் பற்றிய விபரத்தையும் எழுதிக்கொண்டார். அதன் பிறகு அந்த வேன் எங்கள் பக்கம் வரவில்லை.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு நாங்கள் நடந்தோம். ஆசிரியர், நான், மகன், பின்னால் போர்வையைப் போர்த்திக்கொண்டு பாட்டி. தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடம். மரம் எதுவென்று இங்கே எழுதமாட்டேன். மகன் தாயைச் சுள்ளியோடு எடுத்துக் கிளையில் வைத்தான். அது வெகுநேரம் அசையவில்லை. பிறகு வாலை அவிழ்த்துக் கிளையைச் சுற்றிப் பிடித்தது. இரண்டு குட்டிகளையும் இலையோடு வைத்தோம். கண்ணை ஒரு தடவை இமைத்துப் பார்த்தால் எது பாசி, எது ஓணான் என்று தெரியவில்லை. அவை பிழைத்தனவா என்று எனக்குத் தெரியாது. நாலு நாள் பட்டினியும் ஒரு நாள் அடுப்புச் சூடும் பட்ட உடம்பு அது.

லயத்தில் எல்லாரும் இதை மெச்சவில்லை. "ஆயிரம் ரூவாயக் காட்டுல விட்டுட்டு வந்திருக்கா டீச்சர்" என்று பீலிக்கரையில் பேசிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மகளின் வகுப்புக் காசை அந்த மாதமும் கட்டவில்லை.

2019இல் ஒரு நல்ல செய்தி வந்தது. வனவிலங்கு வர்த்தகம் பற்றிய சர்வதேச ஒப்பந்த நாடுகளின் பதினெட்டாவது மாநாடு அந்த ஆண்டு மே மாதம் கொழும்பில் நடக்கவிருந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களின் பின் அது தள்ளிப்போய், ஓகஸ்ட் மாதம் ஜெனீவாவில் கூடியது. அங்கே இலங்கையின் கோரிக்கை ஏற்கப்பட்டது. எங்கள் பேணியிலிருந்த இனமும், தும்பறை இனமும், கொம்பு ஓணான்களில் மூன்று இனங்களும் முதலாம் பட்டியலில் சேர்ந்தன. காட்டில் பிடித்தவற்றை வைத்து நாடுகளுக்கிடையே வணிகம் செய்வதற்கு அதில் இடமே இல்லை. வேறு இரண்டு கொம்பு ஓணான் இனங்களும் திமில் மூக்கு ஓணானும் இரண்டாம் பட்டியலில் வந்தன. அவற்றிலும் காட்டில் பிடித்தவற்றை வணிகத்துக்கு ஏற்றுமதி செய்யக்கூடிய எண்ணிக்கை பூச்சியம் என்று குறித்தார்கள். இப்போது ஐரோப்பாவிலும் கடதாசி காட்டாமல் விற்கமுடியாது. ஆனால் முன்பே போய்ச் சேர்ந்தவற்றின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டு புதிதாகப் பிடித்ததையும் கலந்துவிட்டால், அதைக் கண்டுபிடிப்பது அதிகாரிகளுக்கு இலகுவல்ல.

மகன் இப்போது கொழும்பில் வேலை செய்கிறான். விடுமுறைக்கு வந்தால் ஒரு நாளாவது விடியற்காலையில் அந்த மரத்தடிக்குப் போய்வருவான். இரண்டு தடவை கண்டதாகச் சொன்னான். பழைய தாய்தானா, குட்டிகளில் ஒன்றா, வேறு ஒன்றா என்று எப்படித் தெரியும்? கைத்தொலைபேசியில் எடுத்த படத்தைக் காட்டினான். எனக்குப் பாசி மட்டும்தான் தெரிந்தது. "அம்மா, இங்க பாருங்க, வாலு" என்று விரலை வைத்துக் காட்டினான்.

பேணியில் இப்போது ஊசி, நூல், பொத்தான் இருக்கின்றன. மூடியிலுள்ள ஓட்டைகளை அடைக்கவில்லை.